சேற்றிலே சேரும் நஞ்சு

மரம் நட்டாயிற்று, இனி ஆறு பிழைத்துக்கொள்ளும் என்கிறார்கள். அடையாற்றின் முகத்துவாரத்திலே, திரு.வி.க. பாலத்துக்குக் கிழக்கே, அலையாத்தி மரங்கள் பச்சைப் பசேலென்று நிற்கின்றன. பாலத்தின்மீது பேருந்திலே செல்லும் எவரும் அந்தப் பசுமையைக் கண்டு மகிழாமல் இருக்க முடியாது. நாமும் மகிழ்கிறோம். 2006-இல் அடையாறு பூங்கா அறக்கட்டளை அமைந்தது. பின்னர் அதுவே சென்னை ஆறுகள் சீரமைப்பு அறக்கட்டளையாக விரிந்தது. 2011-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்கா திறக்கப்பட்டது. குப்பையும் கட்டட இடிபாடும் குவிந்து கிடந்த இடத்திலே மீண்டும் நீர் வந்தது, நண்டு வந்தது, கொக்கு வந்தது. நல்ல காரியம். நல்லதை நல்லதென்று சொல்லத் தயங்குவது நமது வழக்கமன்று.

ஆனால், செய்த நல்ல காரியத்தைக் காட்டி, செய்யவேண்டிய காரியத்தை மறைத்துவிடக் கூடாதல்லவா? மரத்தைப் பார்க்கிறோம். மரம் நிற்கும் சேற்றை யார் பார்க்கிறார்கள்? அந்தச் சேற்றிலே ஆண்டுக்கணக்கில் எது வந்து படிந்தது, அதில் எவ்வளவு மரத்தின் வேரிலே ஏறிற்று, எவ்வளவு நண்டின் வயிற்றிலே இறங்கிற்று, கடைசியில் அது யார் வீட்டுச் சட்டிக்கு வந்து சேர்கிறது? இதுவே நமது கேள்வி. மரம் நடும் விழாவிலே மாலை போட்டுக்கொள்பவர்கள் இந்தக் கேள்விக்கும் விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

அழுகுவதும் அழியாததும்

ஆற்றிலே விழும் அழுக்கு இரு வகை. ஒன்று அழுகும் அழுக்கு. மலம், சோற்றுக் கழிவு, இலை, தழை எல்லாம் இதிலே அடங்கும். நாற்றம் எடுக்கும், நோயைப் பரப்பும், நீரிலுள்ள பிராணவாயுவைத் தின்று மீனைச் சாகடிக்கும். கொடியதுதான். ஆனாலும் அதற்கு ஒரு முடிவு உண்டு. நுண்ணுயிர்கள் அதைத் தின்று தீர்க்கும், காற்றும் வெயிலும் கடல் நீரும் சேர்ந்து அதைக் கரைக்கும்.

மற்றொன்று அழியாத அழுக்கு. காரீயம், காட்மியம், பாதரசம், குரோமியம், நிக்கல், செம்பு, துத்தநாகம் என்று பெயர் சொல்லி அடுக்கலாம். கன உலோகங்கள் என்று இவற்றை விஞ்ஞானிகள் அழைக்கின்றனர். இவற்றை எந்தக் கிருமியாலும் தின்று தீர்க்க முடியாது. தீயிலிட்டாலும் சாம்பலிலும் புகையிலும் தங்கும். புதைத்தால் மண்ணிலே கிடக்கும். இடம் மாறும், உருவம் மாறும். இல்லாமற் போகாது!

செம்பும் துத்தநாகமும் சிறிதளவு உடலுக்குத் தேவை, மிகுந்தால் கேடு. காரீயத்துக்கு அந்த நியாயமும் இல்லை. குழந்தையின் மூளையைக் கெடுக்காத பாதுகாப்பான காரீய அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனமே கூறிவிட்டது. காட்மியம் மனிதனின் சிறுநீரகத்திலே குடியேறினால், அதிற் பாதி வெளியேறவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். ஒரு தலைமுறை தின்றதை அந்தத் தலைமுறை சாகும் வரை சுமக்க வேண்டியதுதான்.

எங்கிருந்து வருகிறது?

முகத்துவாரத்திலே எந்த ஆலையும் இல்லையே, உலோகம் எங்கிருந்து வரும் என்று கேட்பாருண்டு. ஆற்றின் வழியே நடந்து பார்த்தால் விடை கிடைக்கும்.

அடையாறு ஏறத்தாழ 42 கிலோமீட்டர் ஓடுகிறது. ஆதனூர்ப் பக்கத்திலே பிறந்து, செம்பரம்பாக்கத்து உபரி நீரையும் வாங்கிக்கொண்டு, திருநீர்மலை, நந்தம்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று வந்து கடலைச் சேர்கிறது. அதன் வடிநிலத்திலேதான் பல்லாவரமும் குரோம்பேட்டையும் இருக்கின்றன. குரோம்பேட்டை என்ற பெயரே எங்கிருந்து வந்தது? குரோமியம் கொண்டு தோல் பதனிட்ட ஆலையிலிருந்து வந்தது. ஊரின் பெயரிலேயே உலோகம் இருக்கும்போது, ஆற்றிலே எப்படி வந்தது என்று வியப்பதற்கு என்ன இருக்கிறது? கிண்டித் தொழிற்பேட்டை 1958-இல் எழுந்தது. ஆயிரமாயிரம் பேருக்கு வேலை தந்த பேட்டை அது. அதன் பெருமையை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் முலாம் பூசும் பட்டறை என்றால் குரோமியமும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த நீர் வெளிவரத்தான் செய்யும். அதைச் சுத்திகரிக்காமல் வாய்க்காலில் விட்டால் அது எங்கே போகும்?

ஆலை மட்டுந்தானா? தியாகராய நகரைப் பாருங்கள். மாம்பலம் ஏரி என்ற நெடிய ஏரியைத் தூர்த்து, 1920-களிலே எழுப்பிய நகரம் அது. பிட்டி தியாகராயரின் பெயர் தாங்கி நிற்கிறது. ஏரி போய்விட்டாலும் நீருக்குத் தன் வழி மறக்கவில்லை. மாம்பலம் கால்வாய் இன்றும் அந்த நகரின் நடுவே ஓடி, நந்தனத்துக்கு அருகே அடையாற்றிலே விழுகிறது. உஸ்மான் சாலையிலும் பாண்டி பஜாரிலும் நாள்தோறும் ஓடும் வண்டிகளின் பிரேக்கிலிருந்து செம்பும், டயரிலிருந்து துத்தநாகமும் தூசாக உதிர்கின்றன. மழை பெய்தால் சாலை கழுவப்படுகிறது. கழுவிய நீர் கால்வாய்க்கு வருகிறது. கால்வாய் ஆற்றுக்கு வருகிறது.

மயிலாப்பூரின் கதையும் அதுவே. அங்கே பக்கிங்காம் கால்வாய் ஓடுகிறது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அந்தப் பகுதி, 1877-78 பஞ்சத்திலே பசியால் வாடிய ஏழைகள் கூலிக்காக வெட்டியது. படகோட வெட்டிய கால்வாய் இன்று சாக்கடையாகக் கிடக்கிறது. பறக்கும் ரெயிலின் தூண்கள் அதன் மடியிலேயே ஊன்றப்பட்டன. பஞ்சத்தில் அடிபட்டவன் வெட்டிய வாய்க்காலை, வசதியுள்ள காலம் வந்தபின் நாம் சாக்கடையாக்கிக் கொண்டோம்!

காரீயத்தின் வரலாறு இன்னும் நீளமானது. 1746-ஆம் ஆண்டு அக்டோபரில் இதே முகத்துவாரத்திலே, குயிபிள் தீவுக்கருகே, பிரெஞ்சுப் படையும் ஆர்க்காட்டு நவாபின் படையும் மோதின. அன்று அங்கே பறந்தது துப்பாக்கியின் ஈயக் குண்டு. பின்னர் வந்த காரீயத்துக்குத் துப்பாக்கி தேவைப்படவில்லை. பெட்ரோலிலே கலந்து வந்தது, புகையாகப் பறந்தது, தூசாகப் படிந்தது. 1995-இல்தான் பெருநகரங்களிலே காரீயமற்ற பெட்ரோல் வரத் தொடங்கிற்று. 2000-ஆம் ஆண்டிலே நாடு முழுவதும் காரீயப் பெட்ரோல் நின்றது. உலகத்திலே கடைசியாக அல்ஜீரியா 2021-இல் நிறுத்திற்று. வீட்டுக்கு அடிக்கும் வண்ணப்பூச்சிலே காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னே பல்லாண்டு உதிர்ந்த சுண்ணமும் வண்ணமும் எங்கே? பட்டினப்பாக்கத்துக் கடலோரத்திலே ஆண்டுதோறும் கரைக்கும் சிலைகளின் பூச்சுக்கும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2010-இல் விதி வகுத்தது, 2020-இல் திருத்திற்று. களிமண்ணும் கேடற்ற வண்ணமும் என்றால் யாருக்கும் வழக்கில்லை.

பெட்ரோலிலே காரீயம் நின்றுவிட்டது. சேற்றிலே விழுந்த காரீயம் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

மரம் சுமக்கும் சுமை

இப்போது அந்த மரத்தைப் பாருங்கள். முகத்துவாரத்திலே பெரும்பாலும் நிற்பது வெண்கண்டல். உப்பு நீரிலே வாழக் கற்ற மரம். சேற்றிலே காற்றில்லை, ஆகவே வேரை மேல் நோக்கி நீட்டி, ஈட்டி நட்டாற்போல் நிறுத்தி, அதன் வழியே மூச்சு விடுகிறது. வேர்களின் நடுவே நீர் வேகம் தணிகிறது. தணிந்த நீரிலிருந்து வண்டல் படிகிறது. வண்டலோடு ஒட்டி வந்த உலோகமும் படிகிறது.

அந்தச் சேற்றிலே அழுகிய முட்டை நாற்றம் வீசும். மூக்கைப் பிடித்துக்கொண்டு போகிறோம். அந்த நாற்றத்துக்குக் காரணமான கந்தகந்தான் உலோகத்தைப் பிடித்துக் கட்டிவைக்கிறது. கந்தகத்தோடு சேர்ந்த உலோகம் எளிதிலே நீரிற் கரைவதில்லை, சேற்றிலேயே உறங்கும். மரமும் தன் பங்குக்குக் காவல் காக்கிறது. காரீயம் போன்றவற்றைப் பெரும்பாலும் வேரோடு தடுத்து நிறுத்துகிறது. துத்தநாகம், செம்பு போன்றவை ஓரளவு இலை வரை ஏறுகின்றன. இலையிலுள்ள உப்புச் சுரப்பிகள் வழியே அவற்றில் ஒரு பகுதியை மரம் வெளியே தள்ளுவதையும் ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர்.

ஆக, நகரம் உமிழ்ந்த நஞ்சை வாயிலே அடக்கிக்கொண்டு நிற்கிறது மரம். இதைக் கண்டவுடன் சிலருக்கு ஒரு யோசனை பிறக்கிறது. "மரமே வடிகட்டி விடுகிறதே, இன்னும் நூறு நட்டால் தீர்ந்தது!" என்கிறார்கள். வடிகட்டி என்றால் என்ன? அழுக்கைப் பிடித்து வைப்பது. பிடித்து வைத்ததை யாராவது எடுத்து அப்புறப்படுத்தினால்தான் அது சுத்தம். இங்கே எடுப்பது யார்? வடிகட்டியை நட்டுவிட்டு, குழாயைத் திறந்தே வைத்திருப்பது எந்த ஊர் நியாயம்?

மூன்று வாயில்கள்

உறங்கும் நஞ்சு வெளியே வர மூன்று வாயில்கள் உண்டு.

முதல் வாயில் இலை. உதிர்ந்த இலை சேற்றிலே மக்குகிறது. அதை நண்டும் இறாலும் தின்கின்றன, மடவை மீன் சேற்றையே மேய்கிறது. இலையின் உலோகமும் சேற்றின் உலோகமும் அவற்றின் உடலுக்குள் போகின்றன.

இரண்டாம் வாயில் தூர் வாருதல். அடையாற்றின் வாயிலே மணல் திட்டு அடைத்துக்கொள்கிறது. கோடையிலே கடல் நீர் உள்ளே வர வழியில்லை. ஆகவே தோண்டுகிறார்கள். வெள்ளம் வந்தால் நகரம் மூழ்குமே என்ற அச்சம் நியாயமானது. 2015 டிசம்பரை யார் மறக்க முடியும்? தூர் வார வேண்டாமென்று நாம் கூறவில்லை. ஆனால் காற்றில்லாத அடிச்சேற்றை அள்ளி வெயிலிலே கொட்டினால் என்ன நேரும்? கந்தகத்தின் கட்டு காற்றுப் பட்டு அவிழும், அமிலம் பிறக்கும், உறங்கிய உலோகம் விழித்து நீரோடு ஓடும். மண்ணெனக் கரையிலே கொட்டினால், அடுத்த மழையிலே அது மீண்டும் ஆற்றுக்கு வரும். பள்ளமான நிலத்திலே கொட்டினால், அந்த ஊரின் கிணற்றுக்குப் போகும்.

மூன்றாம் வாயில் மரத்தையே அழித்தல். வேர் செத்தால் சேறு கலையும், சேறு கலைந்தால் இத்தனை நாள் காத்தது அத்தனையும் காவலின்றிப் போகும். வடசென்னையிலே எண்ணூர்க் கழிமுகத்தைப் பாருங்கள். அனல் மின் நிலையச் சாம்பல் உடைந்த குழாய்களின் வழியே கொட்டிக் கொட்டி நீர்வழியே மேடாயிற்று. 2023 டிசம்பரிலே மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய், அலையாத்தி மரங்களின் மூச்சு வேரிலே கறுப்பாகப் படிந்தது. காட்டுக்குப்பத்துக்கு வந்த கதி ஊரூர்க் குப்பத்துக்கு வராதென்று யார் உறுதி கூறுவார்?

குடிசையா குற்றவாளி?

ஆறு கெட்டது யாரால் என்று கேட்டால், மாளிகை மாடியிலிருந்து விரல் நீளும். அந்த விரல் கரையோரத்துக் குடிசையைக் காட்டும். 2015 வெள்ளத்துக்குப் பின்னர் அடையாற்றுக் கரையிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்களைப் பெயர்த்தெடுத்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். வேலை செய்த வீடு அடையாற்றிலே, பிள்ளை படித்த பள்ளி சைதையிலே, படுக்கும் இடம் மட்டும் பெரும்பாக்கத்திலே!

வெள்ளத்திலிருந்து காக்கவே அகற்றினோம் என்றால், அது தனி வாதம். அதைத் தனியே பேசலாம். ஆறு தூய்மை பெறவே அகற்றினோம் என்றால், நாம் ஒன்று கேட்கிறோம்: குடிசைக்காரி குரோமியம் காய்ச்சினாளா? கூலிக்காரன் காட்மியம் உருக்கினானா? அவர்களுக்குக் கழிப்பறை கட்டித் தராததால் சேர்ந்தது அழுகும் அழுக்கு. அழியாத அழுக்கு அவர்கள் அடுப்பிலே பிறந்ததன்று. பழைய மின் கம்பியை எரித்துச் செம்பெடுக்கும் ஏழை ஒருவன் இருக்கலாம். பழைய பாட்டரியை உடைத்துக் காரீயம் எடுக்கும் சிறுவன் இருக்கலாம். அவனைக் காட்டித் தப்ப முடியாது. அந்தக் கம்பியும் பாட்டரியும் யார் வீட்டிலிருந்து வந்தன? அந்தப் புகையை முதலில் குடித்தவனும் அவனேயல்லவா?

முகத்துவாரத்தின் தென்கரையிலே ஊரூர் ஆல்காட் குப்பம், வடகரையிலே சீனிவாசபுரம். வலையை நம்பி வாழும் மக்கள். நீர் கெட்டால் பிடிப்புக் குறைகிறது. பிடித்ததையும், நகரத்து மீனா என்று முகம் சுளித்து விலை குறைத்துக் கேட்கிறார்கள். விற்காத மீன் யார் வீட்டிலே குழம்பாகிறது? நஞ்சை உண்டாக்கியவன் அதை உண்பதில்லை. உண்பவன் அதை உண்டாக்கவில்லை. இந்தக் கணக்கு நேராகும் வரை நாம் வாளாவிருக்க முடியாது.

மினமாட்டா கற்பித்த பாடம்

பீதியைக் கிளப்புகிறீர்கள் என்று சொல்லக்கூடும். அடையாறு மினமாட்டா அன்று; அப்படி நாம் கூறவுமில்லை. ஆனால் மினமாட்டாவிலும் முதலிலே எல்லாரும் இப்படித்தான் பேசினார்கள். ஜப்பானிய விரிகுடா ஊர் அது. ஆலையின் கழிவோடு பாதரசம் கடலுக்குப் போயிற்று, மீனுக்குப் போயிற்று, பூனைகள் தள்ளாடிச் செத்தன, பின்னர் மீனவக் குடும்பங்களிலே கை கால் நடுங்கிற்று, கண் மங்கிற்று, கருவிலிருந்த குழந்தையும் ஊனமாயிற்று. 1956-இல் நோய் அதிகாரபூர்வமாக அறியப்பட்டது. ஆலைக் கழிவுதான் காரணமென்று அரசு ஒப்புக்கொண்டது 1968-இல். இடையே 12 ஆண்டுகள்! அதே 1968-இல்தான் தொயாமா மாவட்டத்தில், சுரங்கத்துக் காட்மியம் ஆற்று நீரோடு நெல் வயலுக்கு வந்து எலும்பை நொறுக்கிய நோயையும் ஒப்புக்கொண்டார்கள்.

கடல் கடந்து போவானேன்? கொடைக்கானலிலே வெப்பமானி ஆலை பாதரசக் கழிவு வெளிப்பட்டு 2001-இல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கு உடன்பாடு கிட்டியது 2016-இல். இராணிப்பேட்டையிலே குரோமியக் கழிவை ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் மலையாகக் குவித்துவிட்டு ஆலை மூடிக்கொண்டது. மலை மட்டும் நின்றுகொண்டிருந்தது. முதலில் அலட்சியம், பிறகு மறுப்பு, பிறகு வழக்கு, கடைசியிலே நிதி. அந்த வரிசையை அடையாற்றிலும் நடத்திக் காட்ட வேண்டுமா?

கேட்பது என்ன?

சட்டம் இல்லையென்று சொல்ல முடியாது. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-இலேயே வந்தது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982-இல் அமைந்தது. 1996 ஆகஸ்டிலே, வேலூர் மக்கள் தொடுத்த தோல் ஆலை வழக்கிலே, மாசு செய்தவனே செலவையும் ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அறிவு இல்லையென்றும் சொல்ல முடியாது. 1948-இல் தோன்றிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் எங்கே இருக்கிறது? அடையாற்றிலே! குரோமியத்தை நீரோடு விடாமல் மீட்கும் முறைகளை உலகுக்குச் சொல்லித்தரும் நிலையம் அது. பக்கத்திலே ஐ.ஐ.டி., எதிரிலே கிண்டியின் பொறியியற் கல்லூரி, கிண்டியிலேயே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைமை அலுவலகம். அறிவும் அதிகாரமும் கரையிலேயே குடியிருக்கின்றன. ஆற்றுக்குள் இறங்கத்தான் வேண்டும்.

ஆகவே நாம் கேட்பவை நான்கே.

ஒன்று: முகத்துவாரத்துச் சேறு, கண்டல் இலை, நண்டு, மீன் ஆகியவற்றில் உலோகம் எவ்வளவு என்று ஆண்டுதோறும் அளந்து, அதைத் தமிழிலே அச்சிட்டு, குப்பத்து நுழைவாயிலிலே ஒட்ட வேண்டும். அளந்திருந்தால் ஒளிக்க வேண்டாம். அளக்கவில்லையென்றால் தாமதிக்க வேண்டாம்.

இரண்டு: உலோகம் கலந்த நீரைப் பட்டறையின் வாசலிலேயே தடுக்க வேண்டும். வீட்டுச் சாக்கடையோடு கலக்கவிட்டால், சுத்திகரிப்பு நிலையம் அதை அழிக்காது. வண்டலிலே ஒதுக்கும், மீதியை ஆற்றிலே விடும். சிறு பட்டறைக்காரனுக்குத் தனியே நிலையம் கட்ட வசதியில்லை. அவனுக்குப் பொது நிலையமும் கடனும் கொடுங்கள். தொழிலை மூடுவது தீர்வன்று. துளையை மூடுவதே தீர்வு.

மூன்று: தூர் வாருமுன் சேற்றைச் சோதிக்க வேண்டும். நஞ்சுள்ள சேற்றை எங்கே, எவ்வாறு பாதுகாத்து வைக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே மக்களிடம் கூறவேண்டும். ஆறு சுத்தமானதென்று அடையாற்றிலே விழா நடத்தி, அதன் நஞ்சை இன்னொரு ஏழை ஊரின் தலையிலே இறக்குவதை ஒப்ப முடியாது.

நான்கு: பழைய பாட்டரியையும் மின்னணுக் கழிவையும் உற்பத்தியாளரே திரும்பப் பெறவேண்டுமென்று 2022-இலே விதி செய்தார்கள். தியாகராய நகரிலே தெருவுக்குத் தெரு விற்கக் கடை உண்டு. அதைத் திரும்ப வாங்கவும் ஒரு கடை வேண்டாமா?

பிச்சாவரத்திலே அழிந்த அலையாத்திக் காட்டை மீட்டபோது வெறுமனே கன்றை நட்டுவிட்டு வரவில்லை. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத் துறையும் ஊர் மக்களோடு சேர்ந்து, மீன் முள்ளைப் போல வாய்க்கால் வெட்டி, கடல் நீர் வந்து போக வழி செய்து, பின்னர் நட்டார்கள். நீர் முதலில், மரம் பிறகு! அடையாற்றுக்கும் அதுவே வழி.

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் சொன்ன மொழி. இந்நகரம் ஆற்றிலே போட்டுக்கொண்டே இருக்கிறது, அளந்ததைத்தான் காணோம். மரம் தன் வேரிலே கணக்கெழுதி வைத்திருக்கிறது. அந்தக் கணக்கைப் படித்து மக்களுக்குச் சொல்ல ஆளவந்தார்கள் முன்வரட்டும். வராவிட்டால், கேட்கும் உரிமையுள்ள மக்கள் கேட்டே தீருவார்கள்!